லா பொலெற்றும் வாக்காளர் உரிமையும்

மக்களாட்சி என்பது மக்கள் தம் வாக்கினால் ஆளுவோரைத் தெரிந்தெடுக்கும் ஆட்சி என்பர். இவ்விலக்கணம் பொருந்துவதே, ஆயினும் இதனால் இரண்டு வினாக்கள் விடையின்றி நிற்கின்றன. வாக்குச்சீட்டிலே காணப்படும் பெயர்களுள் ஒன்றைத் தெரியும் உரிமை மக்களுக்கு உண்டு. அப்பெயர்களை அச்சீட்டில் இடம்பெறச் செய்தவர் யாவர் என்பது முதல் வினா. தெரிவுசெய்யப்பட்டவர் சட்டசபையிலே யார் நலன் கருதி வாக்களித்தார் என்பதை அவரை அனுப்பிய மக்கள் அறிவது எங்ஙனம் என்பது இரண்டாம் வினா. இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதையே தம் அரசியல் வாழ்வின் பணியாகக் கொண்டவர் ரொபேட் மரியன் லா பொலெற். இவர் 1901 தொடக்கம் 1906 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாகிய விஸ்கொன்சின் மாநிலத்தின் ஆளுநராயிருந்தார். அவர் கண்ட விடைகள் யாவை, அவை எத்துணைப் பயன் தந்தன, எங்கே தவறின என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாநிலமும் ஆளுநரும்

ஆளுநர் என்னுஞ் சொல் நம்மவர்க்கு நியமனம் பெற்ற ஒருவரையே நினைவூட்டும். பிரித்தானியர் காலத்துத் தேசாதிபதி முடியினால் நியமிக்கப்பட்டார். இன்றைய மாகாண ஆளுநர் சனாதிபதியினால் நியமிக்கப்படுகின்றார். அமெரிக்க மாநில ஆளுநரோ மக்களால் நேரே தெரிவுசெய்யப்படுபவர். சட்டசபை நிறைவேற்றிய சட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் அவர் அச்சபையின் உறுப்பினரல்லர். எனவே, தம் கட்சியினரே பெரும்பான்மையாக உள்ள சபையோடும் ஓர் ஆளுநர் போராட நேரலாம். லா பொலெற்றுக்கு நேர்ந்ததும் அதுவே.

விஸ்கொன்சின் 1848 ஆம் ஆண்டிலே மாநிலமாயிற்று. மிச்சிக்கன் ஏரியின் மேற்குக் கரையிலுள்ள இந்நிலத்தில் யேர்மனியரும் நோர்வேயரும் பெருந்தொகையாகக் குடியேறிக் கமஞ் செய்தனர். வடபாகத்துக் காடுகளை வெட்டி விற்ற மரவணிகர் செல்வத்திற் கொழித்தனர். கமக்காரனின் தானியமும் பாற்பொருளும் சந்தைக்குச் செல்லவேண்டுமாயின் புகையிரதத்தை விட்டால் வேறு வழியில்லை. ஆதலால் புகையிரதக் கம்பனிகள் விதித்ததே கூலியாயிற்று. அக்கம்பனிகள் சட்டசபை உறுப்பினர்க்கும் உத்தியோகத்தர்க்கும் இலவசப் பிரயாணச் சீட்டுக்கள் வழங்கி வந்தன. இவ்வழக்கத்தைத் தடுக்குஞ் சட்டம் 1899 இலேதான் நிறைவேறியது.

உள்நாட்டுப் போரின் பின்னர் அம்மாநிலத்திற் குடியரசுக் கட்சியே பெரும்பாலும் வென்று வந்தது. அக்கட்சியின் வேட்பாளராயினாரே பெரும்பாலும் பதவிக்கும் உரியவராயினர். வேட்பாளரைத் தெரிவு செய்தவரோ வாக்காளரல்லர். ஊர்தோறும் நடைபெற்ற சிறு கட்சிக் கூட்டங்கள் பேராளர்களைத் தெரிந்து மாவட்ட மாநாட்டுக்கு அனுப்பின. மாவட்ட மாநாடு மாநில மாநாட்டுக்குப் பேராளரை அனுப்பிற்று. மாநில மாநாடே வேட்பாளரை அறிவித்தது. படி ஏற ஏற மக்களின் கை எட்டாதுபோக, ஒரு சில கட்சித் தலைவரின் கை எட்டிற்று. இவ்வமைப்பினை அமெரிக்கர் அரசியற் பொறி என்று வழங்கினர். திறப்பு யாரிடம் உண்டோ, பொறி அவர் விருப்பின்படியே இயங்கும்.

இளமையும் முதற் பதவிகளும்

லா பொலெற் 1855 ஆம் ஆண்டு யூன் 14 ஆந் திகதி பிறிம்றோஸ் என்னுமிடத்திலே, ஒரு கமக்காரக் குடும்பத்திற் பிறந்தார். பிறந்து ஓராண்டு நிறையுமுன் தந்தையை இழந்தார். மடிசன் நகரிலுள்ள விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திற் பயின்று 1879 இற் பட்டம் பெற்றார். அவ்வாண்டு மாநிலங்களுக்கிடையே நடைபெற்ற பேச்சுப் போட்டியில், சேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகத்து வஞ்சகனான இயாகோவைப் பற்றிப் பேசி முதற்பரிசு பெற்றார். அப்பல்கலைக்கழகத் தலைவராயிருந்த யோன் பாஸ்கொம், மாநிலத்தின் பணத்திற் கற்றவன் மாநிலத்துக்குக் கடன்பட்டவன் என்று மாணவர்க்குப் போதித்து வந்தார். அப்போதனை தம் வாழ்வில் ஆழப் பதிந்ததென லா பொலெற் பிற்காலத்திற் கூறியுள்ளார். அவருடன் பயின்று 1881 இல் அவரை மணந்த பெல் கேஸ், அப்பல்கலைக்கழகச் சட்டப் பகுதியிற் பட்டம் பெற்ற முதற் பெண்மணியாவார்.

1880 இல் அவர் தம் மாவட்டத்தின் அரச வழக்கறிஞர் பதவிக்கு நிற்க விரும்பினார். அவ்வூர்த் தபாலதிபரும் கட்சித் தலைவருமாயிருந்த எலிசா கீஸ் என்பவர், தம் அனுமதியின்றி ஒருவரும் அப்பதவியைப் பெறுதல் இயலாதென எச்சரித்தார். லா பொலெற் தலைவரை விடுத்துக் கமக்காரரை நாடினார், வீடு வீடாகச் சென்று பேசினார், வென்றார். 1885 தொடக்கம் 1891 வரை பிரதிநிதிகள் சபையில் உறுப்பினராயிருந்தார். 1890 ஆம் ஆண்டுத் தேர்தலிற் குடியரசுக் கட்சி விஸ்கொன்சினிற் பெருந்தோல்வி கண்டபோது அவரும் தோற்றார். பாடசாலைகளில் முக்கிய பாடங்களை ஆங்கிலத்திலேயே கற்பிக்கவேண்டுமென அக்கட்சி 1889 இல் இயற்றிய பெனற் சட்டம் அத்தோல்விக்கு ஒரு பெருங் காரணமாயிற்று. தம் பாடசாலைகளையும் தாய்மொழியையும் காக்க விழைந்த யேர்மானிய மக்கள் அக்கட்சியைக் கைவிட்டனர்.

மில்வோக்கிச் சந்திப்பு

தோல்வியின் பின் வழக்கறிஞராயிருந்த அவரை 1891 செப்ரெம்பரில் மில்வோக்கி நகரத்து விடுதியொன்றிற்கு ஒருவர் அழைத்தார். அழைத்தவர் செனற்சபை உறுப்பினரும், மரவணிகத்தாற் கோடீசுவரரானவரும், கட்சியின் முதல்வருமாகிய பிலீற்றஸ் சோயர். மாநிலத்தின் முன்னைய பொருளாளர் சிலர் பொதுப் பணத்தை வங்கிகளில் இட்டு, வட்டியைத் தாமே எடுத்துக்கொண்டனர் என வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவர்களுக்குப் பிணை நின்றவருள் சோயரும் ஒருவர். வழக்கை விசாரிக்க இருந்த நீதிபதியோ லா பொலெற்றின் சகோதரியை மணந்தவர். அச்சந்திப்பிலே சோயர் தமக்குப் பணங் கொடுக்க முன்வந்தாரென்றும், அது நீதிபதியின் மனத்தை மாற்றுவதற்குரிய இலஞ்சமே என்றும் லா பொலெற் வெளிப்படுத்தினார். தாம் கொடுக்க முன்வந்தது வழக்கறிஞர்க்குரிய கட்டணமே எனச் சோயர் மறுத்தார். நீதிபதி அவ்வழக்கினின்றும் விலகிக்கொண்டார். கூறியது கேட்டு முதல்வரின் பகையைத் தேடிக்கொண்ட லா பொலெற், கட்சிக்குள்ளே தனித்து நின்றார்.

தனித்து நின்றமை அவருக்கு ஒரு தெளிவைத் தந்தது. தீமை ஒரு சோயரிடத்தில் இல்லை. சோயர் போன்றோரை முதல்வராக்கும் தெரிவு முறையில் இருந்தது. 1896 இலும் 1898 இலும் ஆளுநர் பதவிக்கு வேட்பாளராக முயன்றார். இருமுறையும் கட்சி மாநாடு அவரைத் தள்ளி எட்வேட் ஸ்கோபீல்ட் என்பவரைத் தெரிந்தது. தமக்கு வாக்குறுதி அளித்த பேராளர் சிலர் பணத்துக்கு விலைபோயினர் என்பது அவர் குற்றச்சாட்டு. 1897 பெப்ரவரியில் சிக்காகோப் பல்கலைக்கழகத்திலே நிகழ்த்திய உரையில், மாநாடுகளை ஒழித்து, கட்சி வேட்பாளரை வாக்காளரே இரகசிய வாக்கினால் நேரே தெரிதல் வேண்டுமென வாதித்தார். இதுவே நேர்முதற்றெரிவு எனும் முறை. அவ்வுரையைக் கமக்காரரின் சந்தைகளிலும் கண்காட்சிகளிலும் மீண்டும் மீண்டும் பேசினார். 1900 ஆம் ஆண்டில் எதிரணியினர் சிலருடன் இணக்கங் கண்டு வேட்பாளராகிப் பெருவெற்றி பெற்றார்.

ஆளுநர் செய்த பணி

1901 சனவரியிற் பதவியேற்ற அவர் இரண்டு கோரிக்கைகளைச் சட்டசபையின் முன் வைத்தார். ஒன்று நேர்முதற்றெரிவு, மற்றையது புகையிரதக் கம்பனிகளின் வரி. அக்கம்பனிகள் தம் வருவாயின் ஒரு பகுதியையே கட்டணமாகச் செலுத்தி வந்தன. கமக்காரனின் நிலத்துக்கும் வீட்டுக்கும் பெறுமதியின்படி வரி விதிக்கப்படும்போது கம்பனியின் சொத்துக்கும் அவ்வாறே விதித்தல் நீதியாகும் என்பது ஆளுநரின் வாதம். சட்டசபை இரண்டையும் நிறைவேற்றவில்லை. நேர்முதற்றெரிவுக்கு ஈடாகத் தரப்பட்ட குறைச்சட்டமொன்றை ஆளுநர் தடுத்தார். மாநிலச் செனற்சபை அவரைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றிற்று.

1902 இல் மீண்டுந் தெரிவான பின், 1903 இல் வரிச்சட்டம் நிறைவேறியது. நேர்முதற்றெரிவுச் சட்டமும், மக்களின் நேர்வாக்கெடுப்புக்கு விடப்படவேண்டும் என்ற நிபந்தனையோடு நிறைவேறியது. அவ்வாக்கெடுப்பு மக்களிடத்தில் அச்சட்டத்தைத் தோற்கடிக்கும் என எதிரணியினர் நம்பியிருந்தனர்.

1904 ஆம் ஆண்டு அவர் வாழ்வின் உச்சமாகும். மடிசனிற் பல்கலைக்கழக உடற்பயிற்சி மண்டபத்திற் கூடிய கட்சி மாநாடு பிளவுபட்டது. எதிரணியினர் வெளியேறி வேறோர் அரங்கிற் கூடித் தமக்கென ஒரு வேட்பாளரை அறிவித்தனர். தேசிய மாநாடு எதிரணியின் பேராளரையே ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒக்ரோபரில் மாநிலத்தின் உயர் நீதிமன்று லா பொலெற்றின் அணியே சட்டப்படி கட்சியாகும் எனத் தீர்த்தது. இத்தேர்தற் காலத்திலேதான் அவர் தமக்கே உரியதொரு முறையைக் கையாண்டார்.

அம்முறை மிக எளியது. ஒவ்வோர் ஊரிலும் மேடையேறியதும், அத்தொகுதி உறுப்பினர் வரிச்சட்டத்தின்போது எவ்வாறு வாக்களித்தார், புகையிரதக் கூலியைக் கட்டுப்படுத்துஞ் சட்டத்தின்போது எவ்வாறு வாக்களித்தார் எனச் சபையின் பதிவேட்டிலிருந்து பெயர் கூறிப் படிப்பார். அவ்வுறுப்பினர் தம் கட்சியினராயினும் தயங்குவதில்லை. வசைமொழி வேண்டியிருக்கவில்லை, பதிவேடே போதியதாயிற்று. சபையின் வாக்குகள் அதற்கு முன்னரும் அச்சிடப்பட்டே வந்தன. எனினும் அச்சேட்டிற் கிடந்த வாக்கு வேறு, அயலவர் நடுவே உரத்துப் படிக்கப்பட்ட வாக்கு வேறு என்பதை உறுப்பினர் பலர் அன்றுதான் உணர்ந்தனர். அவ்வாண்டு நவம்பரில் லா பொலெற் மூன்றாம் முறையும் வென்றார். நேர்முதற்றெரிவையும் மக்கள் பெரும்பான்மையால் ஏற்றுக்கொண்டனர்.

1905 இற் கூடிய சபையில் ஆளுநரின் ஆதரவாளர் மிகுந்திருந்தனர். நியாயமான கூலியை நிர்ணயிக்கும் அதிகாரமுடைய மூவர் கொண்ட புகையிரத ஆணைக்குழு நிறுவப்பட்டது. அம்மூவருள் ஒருவர் பேராசிரியர் மேயர். அரச உத்தியோகங்களைப் பரீட்சையின் வாயிலாக வழங்கும் சட்டமும் அவ்வாண்டே நிறைவேறியது.

பல்கலைக்கழகமும் சட்டமும்

இச்சீர்திருத்தங்களுக்குப் பின்னால் நின்ற பல்கலைக்கழகத்தை ஆசிரியராகிய நாம் சிறப்பாகக் கவனித்தல் தகும். 1901 இல் சாள்ஸ் மக்கார்தி என்னும் அறிஞர், சட்டசபை உறுப்பினர்க்கென ஒரு நூல்நிலையத்தை அமைத்தார். புகையிரதக் கம்பனியின் வழக்கறிஞர் எழுதித்தந்த நகலையே நம்பியிருந்த உறுப்பினன், பிற நாடுகளின் சட்டங்களையும் அவற்றின் விளைவுகளையும் அங்கே பக்கச்சார்பின்றி அறியலாயினான். 1903 இற் பல்கலைக்கழகத் தலைவரான சாள்ஸ் வான் ஹைஸ், லா பொலெற்றின் வகுப்புத் தோழர். பொருளியற் பேராசிரியர் யோன் கொமன்ஸ் உத்தியோகச் சட்டத்தை வரைவதில் உதவினார். கல்வியும் ஆட்சியும் இவ்வாறு கைகோத்த முறை பின்னர் விஸ்கொன்சின் கொள்கை எனப் பெயர் பெற்றது. லா பொலெற் ஆளுநர் பதவியை நீங்கிய பின்னரும் அது தொடர்ந்தது. 1911 இல் வருமான வரியும் தொழிலாளர் நட்டஈடும், 1932 இல் வேலையற்றோர் காப்புறுதியும் அம்மாநிலத்திற் சட்டமாயின. இவற்றுள் இறுதியானது அமெரிக்காவில் அவ்வகைச் சட்டங்களுள் முதலாவதாகும்.

செனற்சபையில்

1905 சனவரியில் மாநிலச் சட்டசபை அவரை ஐக்கிய நாடுகளின் செனற்சபைக்குத் தெரிந்தது. தொடங்கிய சட்டங்களை முடித்த பின்னரே செல்வேன் எனக் கூறி, 1906 சனவரியிலேயே வாஷிங்டனில் ஆசனம் ஏற்றார். அவ்வாண்டு புகையிரதக் கூலிபற்றி அவர் பேச எழுந்தபோது மூத்த உறுப்பினர் பலர் எழுந்து வெளியேறினர். இப்போது சிறிது நேரம் வெறுமையாகும் ஆசனங்கள், இவ்வினாவுக்கு நேரிய விடை காணாவிடின் நிலையாகவே வெறுமையாகலாம் என்னுங் கருத்துப்படக் கூறிவிட்டு அவர் தம் பேச்சைத் தொடர்ந்தார். பின்னர் மாநிலங்கள் பலவற்றுக்குஞ் சென்று, அவ்வவ்விடத்துச் செனற்றரின் வாக்குப் பதிவைப் படிக்கத் தலைப்பட்டார். விஸ்கொன்சினிற் கையாண்ட முறை நாடு முழுவதும் பரவியது. 1909 இல் ஒரு வாரப் பத்திரிகையையுந் தொடங்கினார். கப்பலை விட்டு நீங்கும் மாலுமியைச் சிறையிடும் வழக்கத்தை ஒழித்த 1915 ஆம் ஆண்டு மாலுமிகள் சட்டம், அவர் பெயராலேயே வழங்குவது. 1912 இல் சனாதிபதி வேட்பாளராக முயன்றார். ஆயினும் ஆதரவாளர் பலர் தியோடர் ரூஸ்வெல்ற்றின் பக்கஞ் சாய்ந்தமையால் அம்முயற்சி தவறியது.

போர்க்காலச் சோதனை

1917 ஏப்பிரல் 4 ஆந் திகதி, யேர்மனிமேற் போர் தொடுக்கும் தீர்மானத்தை 82 வாக்குகள் ஆதரித்தன. 6 வாக்குகள் எதிர்த்தன. எதிர்த்த அறுவருள் லா பொலெற்றும் ஒருவர். போரின் பாரத்தைச் சுமக்கப்போகும் மக்களிடம் கேளாது போர் தொடுத்தல் தகாதென்பது அவர் கருத்து. அவ்வாண்டு செப்ரெம்பரிற் சென் போல் நகரிலே பேசியபோது, யேர்மனியினால் அமெரிக்காவுக்குக் குறைகள் நேர்ந்தது உண்மையே, ஆயினும் அவை போருக்குப் போதிய காரணமல்ல என்னுங் கருத்துப்பட உரைத்தார். அமெரிக்கச் செய்தி நிறுவனமாகிய அசோசியேட்டட் பிரெஸ், குறைகளே இல்லை என அவர் கூறியதாக நாடெங்கும் பரப்பிற்று. சபையினின்றும் அவரை வெளியேற்றவேண்டுமென மனுக்கள் குவிந்தன. 1918 இல் விஸ்கொன்சின் சட்டசபை அவரைக் கண்டித்தது. அவர் பேணி வளர்த்த பல்கலைக்கழகத்தின் ஆசிரியருள் 400 இற்கு மேற்பட்டோர், வான் ஹைஸ் உட்பட, அவருக்கு எதிரான அறிக்கையிற் கையொப்பமிட்டனர்.

பிறர் கூறியதையும் வாக்களித்ததையும் பிழையின்றிப் படிப்பதே படைக்கலமாகக் கொண்டவர், தாம் கூறியது பிழையாகப் பதியப்பட்டமையால் அல்லலுற்றார் என்பது சிந்திக்கத்தக்கது. 1918 மே மாதத்திலே செய்தி நிறுவனம் தன் பிழையை ஒப்புக்கொண்டது. போர் முடிந்த பின் 1919 சனவரியில், 50 இற்கு 21 என்ற வாக்குகளால் அவர்மீதான முறைப்பாடு தள்ளப்பட்டது. 1922 இல் விஸ்கொன்சின் மக்கள் பெரும்பான்மை வாக்குகளால் அவரை மீண்டும் அனுப்பினர். அவ்வாண்டிலேதான், கடற்படைக்கென ஒதுக்கிய எண்ணெய் நிலங்கள் தனியார்க்குக் கொடுக்கப்பட்டமை பற்றிய விசாரணைக்கு அவர் வழிகோலினார்; ரீபொற் டோம் ஊழல் அதனால் வெளிப்பட்டது. 1924 இல் இரு பெருங் கட்சிகளையும் எதிர்த்துச் சனாதிபதிப் பதவிக்கு நின்று 48 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் பெற்றார். இது மொத்த வாக்குகளில் ஏறத்தாழ 6 இல் ஒரு பங்காகும்; ஆயினும் விஸ்கொன்சின் ஒன்றிலேயே வென்றார். 1925 யூன் 18 ஆந் திகதி காலமானார். 1957 இல், யோன் எவ். கென்னடி தலைமை தாங்கிய குழு, செனற்சபை வரலாற்றின் தலைசிறந்த ஐவருள் ஒருவராக அவரைத் தெரிந்தது.

முறையும் மக்களும்

நேர்முதற்றெரிவு சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களுக்குப் பரவியது. அது தீமை அனைத்தையும் தீர்த்ததா? விஸ்கொன்சினே விடை கூறும். செனற்சபை ஆசனத்துக்கு அம்மாநிலத்தில் நடந்த முதலாவது நேர்முதற்றெரிவில், 1908 இல், ஐசாக் ஸ்டீபன்சன் என்னும் மரவணிகர் 1 இலட்சம் டொலருக்கு மேற் செலவிட்டு வென்றார். முன்னர் லா பொலெற்றின் தேர்தல்களுக்குப் பணம் உதவியவரும் அவரே. பேராளரை விலைக்கு வாங்கும் வழி அடைபட்டது. வாக்காளரின் கவனத்தை விலைக்கு வாங்கும் வழி திறந்தது. தென்மாநிலங்களிலோ இம்முறை வெள்ளையர்க்கு மாத்திரம் உரியதாக்கப்பட்டது. கறுப்பின மக்களை விலக்கிய அவ்வழக்கத்தை 1944 இலேதான் அமெரிக்க உயர் நீதிமன்று செல்லாதெனத் தீர்த்தது.

லா பொலெற்றும் குறையற்றவரல்லர். கட்சிப் பொறியை எதிர்த்த அவரே, அரச வேட்டைக் காவலரைத் தம் தேர்தற் பணிக்குப் பயன்படுத்தித் தமக்கென ஒரு பொறியை அமைத்தார் என எதிரிகள் குற்றஞ் சாட்டினர்; அக்குற்றச்சாட்டு அடிப்படையற்றதன்று. தம்மோடு உடன்படாத நண்பரைப் பொறுக்கும் இயல்பும் அவரிடங் குறைவு.

இவை யாவற்றினும் கருதத்தக்க நிகழ்ச்சி அவர் இறந்து 21 ஆண்டுகளின் பின் நிகழ்ந்தது. அவர் ஆசனத்தை 1925 தொடக்கம் வகித்து வந்த மூத்த மகன் இளைய ரொபேட் லா பொலெற், 1946 ஆம் ஆண்டு நேர்முதற்றெரிவில் ஏறத்தாழ 5,000 வாக்குகளால் தோற்றார். வாஷிங்டனிற் சபைச் சீர்திருத்தச் சட்டத்தில் ஈடுபட்டிருந்த அவர், வாக்காளரிடஞ் சென்றது மிகக் குறைவு. தந்தை தந்த முறையே தனயனை வீழ்த்தியது. வென்றவர் யோசேப்பு மக்கார்தி. போதிய சான்றின்றிப் பலர்மீது பழி சுமத்தி நாட்டை அச்சத்தில் ஆழ்த்திய அவரை 1954 இற் செனற்சபை கண்டித்தது.

இதனாற் பெறப்படுவது யாது? வேட்பாளரைத் தெரியும் உரிமையை மக்களுக்கு ஒரு சட்டத்தினால் அளிக்கலாம். தெரியவேண்டிய அறிவை எந்தச் சட்டமும் அளித்தல் இயலாது. லா பொலெற் இவ்விரண்டின் தொடர்பை உணர்ந்திருந்தமையாலேயே, சட்டம் இயற்றுவதோடு நில்லாது, பதிவேட்டையும் கையிலெடுத்தார். முதல் வினாவுக்கு அவர் கண்ட விடை சட்டமாக நிலைத்தது. இரண்டாம் வினாவுக்குரிய விடை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் காணவேண்டியது. தம் உறுப்பினரின் வாக்குகளைக் கேட்டறிய விஸ்கொன்சின் கமக்காரர்க்கு ஓர் ஆளுநர் ஊரூராக வந்து படிக்க வேண்டியிருந்தது. அத்தகைய ஒருவர் வாராத காலத்திலே அவற்றைத் தாமே தேடிப் படித்தல் வாக்காளரின் கடனாகும். அதற்குரிய கல்வியை அளித்தல் பாடசாலையின் கடனாகும்.